கழிமுகத்தில் ஒரு பகல்

அரபு மொழியில் ‘இஜாஸத்’ என்றொரு சொல் உண்டு. மதரஸாவில் ஓதிய எங்களைப் போன்றோர்க்கு அது, ஒரு நூலைத் தம்மிடம் ஓதி முடித்த மாணவன் அதனைப் பிறர்க்கும் ஓதிக் கொடுக்கலாம் என்று ஆசிரியர் வழங்கும் அனுமதியைக் குறிக்கும். வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டாலோ, ‘இஜாஸா எப்போது, எத்தனை நாள்?’ என்பதே பேச்சு. அங்கே அது விடுமுறையைக் குறிக்கிறது. இரண்டிற்கும் வேர் ஒன்றே. கடந்து செல்லுதல், கடந்து செல்ல விடுதல் என்பது அவ்வேரின் அடிப்பொருள். ஆக, விடுமுறை என்பது சும்மா இருத்தல் அன்று. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கடந்து போகக் கிடைத்த அனுமதி என்று கொள்ளலாம்.

என் தங்கை மகன் முப்பது நாள் இஜாஸாவில் காயல்பட்டினம் வந்திருந்தான். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்தவன். முப்பதில் இருபத்திரண்டு நாட்கள் மாடி கட்டும் வேலை, வங்கி, பத்திரப் பதிவு, இரண்டு கல்யாண வீடுகள், ஒரு மௌத்து வீடு என்று கழிந்துவிட்டன. அவனுடைய ஏழு வயது மகள், கைப்பேசித் திரையில் அவன் முகம் தோன்றும்போது ஓயாமல் பேசியவள், அதே முகம் வீட்டுக்குள் நடமாடத் தொடங்கியதும் கதவுக்குப் பின்னே ஒதுங்கினாள். தங்கை ஒருநாள் என்னிடம் வந்து, “காக்கா, அவனை ஒரு பகலாவது எங்காவது கூட்டிப் போங்க. பிள்ளையும் கூட வரட்டும்” என்றாள். அவள் சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டதே மிகுதி என்பது எனக்கு விளங்கிற்று.

குற்றாலம், கன்னியாகுமரி என்று பேச்சு எழுந்தது. நான் புன்னைக்காயல் என்றேன். தாமிரபரணி கடலோடு கலக்கும் இடம் அது. நம் ஊருக்கு மிக அருகில் இருப்பதனாலேயே நம்மவர் பலர் சென்று பாராத இடம்.

ஆறு கடலில் சேரும் இடத்திற்குத் தமிழில் எத்தனை பெயர்கள்! கழிமுகம் என்கிறோம், முகத்துவாரம் என்கிறோம், புகார் என்றும் கயவாய் என்றும் பழந்தமிழ் கூறும். முகம், வாய், புகும் இடம் என்று தமிழர் அதனை உயிருள்ள ஒன்றாகவே கண்டனர். அரபியர் அதனை ‘மஸப்’ என்பர். ஊற்றப்படும் இடம் என்பது அதன் பொருள். பாலைநிலத்தில் வாழ்ந்தோர்க்கு நீர் ஊற்றப்படுவதே பெரிய காட்சியாக இருந்திருக்க வேண்டும்.

பொதிகையில் தோன்றி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிவரும் இவ்வாற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டே கடைசி. அதனையும் தாண்டி வரும் நீரே ஏரல், ஆத்தூர் வழியாகக் கடலுக்கு வருகிறது. 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை விளையும் மண் இதுவே. சங்க காலத்தில் முத்துக்குப் பேர்பெற்ற துறைமுகமாகிய கொற்கை இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே வயல்சூழ்ந்த சிற்றூராக இருக்கிறது. அதன்பின் எழுந்த காயலில், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், ஹுர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் வந்த குதிரைக் கப்பல்கள் இறங்கியதை மார்க்கோ போலோ எழுதி வைத்தார். பழையகாயல் என்று நாம் இன்று அழைக்கும் ஊரே அது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அத்துறையும் மணல்மேடிட்டு ஒதுங்க, போர்த்துக்கீசியர் காலத்தில் புன்னைக்காயல் ஓங்கிற்று. பின்னர் அச்சிறப்பும் தூத்துக்குடிக்குப் போயிற்று. ஆறு தான் சுமந்து வந்த வண்டலால் தன் துறைமுகங்களைத் தானே தூர்த்துவிட்டு, ஒவ்வொரு முறையும் கடலை நோக்கி மேலும் நடந்திருக்கிறது.

நாங்கள் சென்றது தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. புன்னைக்காயல் கத்தோலிக்க மீனவர்களின் ஊர். ஞாயிறன்று அவர்கள் கடலுக்குச் செல்வதில்லை. வள்ளங்கள் யாவும் கரையில் ஓய்ந்து கிடந்தன. எனக்கு நீண்டநாள் பழக்கமான மீனவர் ஒருவர் தம் சிறிய வள்ளத்தில் எங்களை ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குள் மேற்கே சிறிது தொலைவு போய், பின் நீரோட்டத்தோடு முகத்துவாரம் நோக்கித் திரும்பினார். இருகரையிலும் அலையாத்திச் செடிகள், அவற்றின் அடியில் சேற்றைக் கிழித்து மேல்நோக்கி நிற்கும் மூச்சு வேர்கள், நண்டு வளைகள், ஒற்றைக் காலில் நின்ற கொக்குகள்.

மருமகன் அகன்ற ஆற்றைப் பார்த்துக்கொண்டே, “இவ்வளவு தண்ணீரும் வீணாகக் கடலுக்குப் போகிறதே, மாமா!” என்றான். நம் நாட்டில் யாவரும் சொல்லும் சொல் அது.

துடுப்பை நிறுத்தி மீனவர் சிரித்தார். “வீணாப் போகுதுன்னு யாரு சொன்னா பாய்? இந்தத் தண்ணி வந்தாத்தான் இறால் குஞ்சு கடல்லேருந்து உள்ளே ஏறும். இங்கே கிடந்து வளர்ந்துதான் திரும்பக் கடலுக்குப் போகும். ஆறு வரலேன்னா எங்க வலையில ஒண்ணும் வராது.”

அவர் கூறியது அறிவியலும் ஒப்பும் உண்மை. பலவகை இறால்கள் கடலில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் கழிமுகம் புகுந்து வளர்ந்து, பருவம் எய்தியபின் கடலுக்கு மீள்கின்றன. நன்னீர் கனம் குறைந்ததாதலால் மேலே ஓடும். உப்புநீர் அடியில் ஆப்பு வைத்தாற்போல் உள்ளே புகும். ஆற்றின் வேகம் குன்றினால் அந்த ஆப்பு மேற்கே நகரும். கரையோரக் கிணறுகளும் வெற்றிலைக் கொடிக்கால்களும் உவர்ப்பை உணரும். வறட்சி மிகுந்தால் கடல் மணலைக் குவித்து வாயை அடைக்க முற்படும். அடைந்த வாயின் தீங்கு வெள்ளக் காலத்தில் தெரியும். 2023 டிசம்பரில் நம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே! கடலுக்குச் செல்லும் வழி எத்துணை அகலமாக இருந்தாலும் போதாது என்று அன்று எல்லோர்க்கும் தோன்றிற்று.

உழவர்க்கு உரிய நீரைத் தேக்கிக் கொடுக்க வேண்டாம் என்று எவரும் கூறார். அந்த எட்டு அணைக்கட்டுகளால் அன்றோ நாம் சோறு உண்கிறோம்! ஆயினும், கடலுக்குச் செல்லும் பங்கும் ஒரு பங்கே. ‘இஸ்ராஃப்’ எனும் வீண்விரயம் கூடாதென்று முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குச் சொல்லி வருகிறேன். ஒன்றை வீண் என்று பெயரிடுமுன் அது எங்கே போய் என்ன செய்கிறது என்று பின்தொடர்ந்து பார்ப்பதும் அந்தப் பாடத்தின் ஒரு பகுதி.

இதற்கிடையே வள்ளத்தின் முன்பகுதியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. உப்பு எங்கே தொடங்குகிறது என்று மீனவர் சிறுமியைக் கேட்டுவிட்டார். அவள் விரலை நனைத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். அவளால் எட்டவில்லை என்பதால் தந்தை உள்ளங்கையில் நீரள்ளி நீட்டினான். சிறிது தொலைவுக்கு ஒருமுறை இருவரும் சுவைத்தனர். “இதோ, உப்பு” என்றான் அவன். “இல்லை வாப்பா, இன்னும் இல்லை” என்றாள் அவள். அவன் முகத்தைப் பார்த்து அவள் ‘வாப்பா’ என்று அழைத்ததை அந்த இருபத்திரண்டு நாட்களில் அன்றுதான் நான் கேட்டேன். மீண்டும் அள்ளினான். மீண்டும் வழக்கு. எல்லை எதுவென்று கடைசிவரை அவர்கள் உடன்படவில்லை. இரண்டிற்கும் நடுவில் இருப்பதை அரபியில் ‘பர்ஸக்’ என்பர். இங்கே அது கோடாக இல்லாமல், நெடுந்தொலைவு நீண்டு கிடக்கிறது.

அன்று மாடி வேலைக்குச் சிமெண்டு வந்திறங்கியபோது பார்த்துக்கொள்ள ஆளில்லை. இரண்டு மூட்டைகள் பனியில் நனைந்தன. மருமகன் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. எஞ்சிய எட்டு நாட்களும் வேலைகள் இருந்தன. ஆனால் எந்த அலுவலுக்குப் போனாலும் மகளும் கூடவே போனாள்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாதென்று அரசு விதித்திருக்கிறது. மீனினம் பெருகும் காலம் அது என்பதே காரணம். மீனுக்கு அவகாசம் அளிக்கும் நாம், இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் பிள்ளையின் முப்பது நாட்களைக் கல்லுக்கும் மணலுக்கும் பத்திரத்திற்கும் பங்கிட்டுவிடுகிறோம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வரும் வீட்டாரை நான் வேண்டுவது இதுதான்: வந்த முதல் வாரத்திலேயே ஒரு பகலை எந்தப் பயனும் கருதாமல் ஒதுக்கி வையுங்கள். இருபத்திரண்டு நாள் காத்திருக்க வேண்டாம்.

மருமகன் திரும்பிச் சென்று நான்கு மாதங்கள் ஆகின்றன. அவன் பணிபுரியும் ஊரும் கடற்கரை ஊரே. அங்கே ஆறு உண்டா என்று சென்ற வாரம் மகள் கேட்டாளாம். இல்லை என்றிருக்கிறான். “அப்படியானால் எல்லாமே உப்புத்தானா, வாப்பா?” என்று அவள் கேட்டதைச் சொல்லித் தங்கை சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்களைத் துடைத்துக்கொண்டாள்.