எருவிட்டால் சாகும் செடி

ராஜபாளையத்தைச் சுற்றி மூன்று வகை நிலம் உண்டு. கிழக்கே சாத்தூர், கோவில்பட்டி என்று விரியும் கரிசல். பருத்தியும் சோளமும் விளைவது. மேற்கே மலையடிவாரத் தோப்புகள். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் காய்க்கும் மாமரங்கள், அவற்றை ஒட்டித் தென்னை. இந்த இரண்டுக்கும் விலை உண்டு, வழக்கு உண்டு, வரப்புச் சண்டை உண்டு. மூன்றாவதை யாரும் நிலமாகவே மதிப்பதில்லை. பாறை முதுகில் விரல்கடை கனத்துக்குப் படிந்து கிடக்கும் சரளை மணல் அது. மார்கழி பிறந்ததும் நான் பஸ் ஏறியது அந்த மணலைப் பார்க்கத்தான்.

முதலில் சஞ்சீவி மலை. ராஜபாளையத்தை ஒட்டியே நிற்கும் பாறைக்குன்று. அனுமன் தூக்கிப்போன மூலிகை மலையிலிருந்து உதிர்ந்த துண்டு என்பது ஊர்க்கதை. பாறை இடுக்குகளில் மயில்சிகை கொத்துக் கொத்தாக நின்றது. உள்ளங்கைக்குள் அடங்கும் விசிறி போன்ற பெரணி. கோடையில் சுருண்டு சருகாகிக் கிடக்கும். மழை விழுந்தால் அதே இலை மறுபடி பச்சையாக விரியும். சற்றுத் தள்ளி முட்புதரின் அடியில் கல்லிமுளையான். நான்கு பட்டைத் தண்டு, பேருக்குக்கூட இலை இல்லை. ஆடு மேய்க்கப் போகிறவர்கள் ஒடித்து, நாரை உரித்துவிட்டுப் பச்சையாகவே மெல்லுவார்கள், பசி அடங்கும். வீட்டில் துவையலாகவும் அரைப்பார்கள். இன்று அதன் சாறு உடல் இளைக்க வைக்கும் மாத்திரையாகப் பல நாடுகளில் விற்கிறது. மேய்ச்சல்காரர் ஒடித்தது ஒரு வேளைப் பசிக்கு. வியாபாரி பிடுங்குவது சாக்குக் கணக்கில்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர். மார்கழி என்பதால் விடியுமுன்பே தெருவெல்லாம் திருப்பாவை. பெரியாழ்வார் நந்தவனம் அமைத்துத் துளசி வளர்த்த ஊர். அந்தத் துளசியடியில்தான் ஆண்டாளைக் கண்டெடுத்ததாக நம்பிக்கை. செடி என்றால் பாத்தி கட்டி, எரு வைத்து, தண்ணீர் விட்டுப் பேண வேண்டியது என்ற எண்ணம் இந்த ஊர்க்காரர்களுக்கு ரத்தத்திலேயே இருக்கும். நான் தேடிப்போன செடிக்கோ அந்தப் பேணலே எமன்.

வத்திராயிருப்பைத் தாண்டித் தாணிப்பாறை. சதுரகிரி ஏறுகிறவர்களுக்கு அதுதான் வாசல். ஆடி அமாவாசைக்குக் கூட்டம் தாங்காது. நான் போன அன்று அடிவாரம் காலியாக இருந்தது. மூலிகை விற்கும் பெரியவர் ஒருவரிடம், “அழுகண்ணி இருக்கா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“பேருக்கு எதையாவது பொட்டலம் கட்டித் தரலாம் சார். நெசமானது கண்ணுல பட்டு வருசக்கணக்காச்சு” என்றார்.

சித்தர்கள் காயகற்பமாகக் கொண்டாடிய மூலிகை அழுகண்ணி. தாவரவியலாளர் பலர் அந்தப் பெயருக்கு அடையாளம் காட்டுவது டிரோசிரா என்ற பூச்சியுண்ணும் செடியை. அதைக் காட்டித் தந்தவர், இந்த மலைகளிலேயே பிறந்து தேனெடுக்கும் பளியர் ஒருவர். இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. பிடுங்க வருகிறவர்களும் பத்திரிகை படிப்பார்கள். சரிந்த பாறை, அதன்மேல் மெல்லிய மணல், மேலேயிருந்து ஓயாமல் கசியும் ஊற்றுநீர். “பாத்து சார், மிதிச்சிராதீங்க” என்று அவர் சொன்ன பிறகுதான் காலடியில் பார்த்தேன். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய, சிவப்பேறிய இலைவட்டம். ஒவ்வொரு இலையின் விளிம்பிலும் மயிர்கள், ஒவ்வொரு மயிர் நுனியிலும் பிசின் துளி. சூரியன் ஏறியும் காயாத துளி. அதில் ஒரு சிறு கொசு ஒட்டியிருந்தது.

கொசுவுக்கு அங்கே என்ன வேலை என்பதற்கான பதில் மண்ணில் இருக்கிறது. மழை ஒவ்வொரு முறையும் மணலை அலசி, கரையக்கூடிய சத்தையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் அங்கே மிகச் சொற்பம். வெயிலும் தண்ணீரும் தாராளம், சாப்பாடுதான் இல்லை. அதனால் இந்தச் செடி வேரை நம்புவதை விட்டு இலையால் வேட்டையாடுகிறது. பூச்சி ஒட்டியதும் விளிம்பு மயிர்கள் சில நொடிகளில் உள்நோக்கி வளையும். சுரக்கும் செரிமான நீர் பூச்சியைக் கரைக்க, இலை சத்தை உறிஞ்சிக்கொள்ளும். பூவை மட்டும் நீண்ட காம்பின் உச்சியில் வைத்திருக்கிறது. மகரந்தம் கொண்டுவரும் பூச்சி இரையாகிவிடாதிருக்க அது ஒரு வழி.

இந்த இனத்தின் பெயர் டிரோசிரா பர்மானி. 1737இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி நூல் வெளியிட்ட டச்சுக்காரர் யோகன்னஸ் பர்மனின் நினைவாக வைத்தது. டார்வின் 1875இல் பூச்சியுண்ணும் தாவரங்களுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். இறைச்சித் துணுக்கு கொடுத்து வளர்த்த டிரோசிரா கூடுதலாக விதை பிடிக்கிறது என்று 1878இல் காட்டியவர் அவர் மகன் பிரான்சிஸ்.

உலகக் கணக்கில் இந்தச் செடி அழிவின் விளிம்பில் இல்லை; இந்தியா தொடங்கி ஆஸ்திரேலியா வரை உண்டு. ஆனால் ஒரு பாறைக்கசிவில் அழிந்தால் அடுத்த கசிவிலிருந்து நடந்து வர அதற்குக் கால் இல்லை. அமெரிக்காவின் வீனஸ் பூச்சிப்பொறிச் செடிக்கு வாய்த்த இயற்கை வாழிடம் இரண்டு கரோலினா மாநிலங்களின் ஈரமணல் காடுகள் மட்டும்தான். திருட்டு பெருகியதால், 2014 டிசம்பரிலிருந்து வட கரோலினாவில் அதைப் பிடுங்குவது கடுங்குற்றம்.

இங்கேயும் சட்டம் இல்லாமல் இல்லை. நரை அணிலுக்காக 1988இல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம், 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டது. உள்ளே ஒரு இலையைக் கிள்ளுவதும் குற்றம். ஆனால் இந்தச் செடியைக் கொல்ல யாரும் அதைக் கிள்ள வேண்டியதில்லை. கசிவுக்கு மேலே அன்னதானத்து மிச்சம் கொட்டினால் போதும். சாணமும் சோப்பு நுரையும் தண்ணீரில் கலந்தால் போதும். மண்ணுக்குச் சத்து ஏறும். சத்து ஏறினால் புல் வரும், பார்த்தீனியம் வரும், உண்ணிச்செடி வரும். நாணயத்தளவு இலைவட்டம் அவற்றின் நிழலிலேயே மடிந்துபோகும். இத்தனை காலம் அதைக் காத்தது அந்த மண்ணின் ஏழ்மை; மற்ற செடிகள் பிழைக்க முடியாத இடம் என்பதால்தான் அது பிழைத்தது.

அதனால் எனக்குப் பயமாக இருப்பது மூலிகைத் திருடர்களைவிட நல்லெண்ணக்காரர்களைத்தான். மொட்டைப் பாறையைக் கண்டால் செம்மண்ணும் தொழுவுரமும் லாரியில் கொண்டுவந்து கொட்டிக் கன்று நடுகிற உற்சாகம் எல்லா ஊரிலும் உண்டு. நட்ட கன்று பெரும்பாலும் அடுத்த சித்திரையைத் தாண்டுவதில்லை. கொட்டிய உரம் மட்டும் தங்கிவிடும். “வெறும் பாறைதானே, நாலு மரமாவது வைப்போமே” என்று யாராவது கிளம்பினால், கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு ஒரு காலைப்பொழுது அந்தப் பாறைமேல் குந்தியிருந்து பார்த்துவிட்டு, அப்புறம் மண்வெட்டியைத் தொடட்டும்.