உள்ளே இருப்பவர் யார்?

காமிரா உடம்புக்குள் நுழைகிறது. சிவப்பும் மஞ்சளுமாக ஒரு குகை. ஈரச் சுவர்கள் சுருங்கி விரிகின்றன. எங்கிருந்தோ ஒரு கத்தரி வந்து எதையோ வெட்டுகிறது. 'டே ஹுமானி கார்ப்பொரிஸ் ஃபாப்ரிகா' என்ற ஆவணப்படம் (2022) ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இப்படித்தான் ஓடுகிறது. பெங்களூரில் எங்கள் வீட்டில் அதைப் போட்டபோது, பத்தாவது நிமிடத்தில் என் மனைவி எழுந்து போய்விட்டாள்.

எடுத்தவர்கள் வெரேனா பாரவெல், லூசியன் காஸ்டேங்-டெய்லர் என்ற இரு மானுடவியலாளர்கள். களம், பாரிஸ் மருத்துவமனைகள். தலைப்பு, 1543இல் வெசாலியஸ் வெளியிட்ட உடற்கூறியல் நூலினுடையது. அவர் பிணங்களை அறுத்துக் கற்றதை, இவர்கள் உயிரோடு இருப்பவர்களுக்குள்ளேயே போய்க் காட்டுகிறார்கள்.

என்னை உலுக்கியது ரத்தமல்ல, பேச்சு. திரையில் ஒருவருடைய உள்ளுறுப்பு. பின்னணியில் வேலைப்பளு பற்றியும் ஆள் பற்றாக்குறை பற்றியும் டாக்டர்களின் புலம்பல். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தினமும் பார்க்கிறவர்களுக்கு அது வேலை. ஆனால் உள்ளே போய்விட்டால் ஆள் மறைந்துவிடுகிறார். குடலுக்கு முகம் கிடையாது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாமனாருக்கு ஆஞ்சியோகிராம் செய்தபோது ஒரு சிடி கொடுத்தார்கள். அவருடைய இதயம் நடித்த படம்! வீட்டில் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. "உள்ளே இருக்கறது உள்ளேயே இருக்கட்டும்" என்றார் அவர். எங்கள் கல்யாண சிடிக்குப் பக்கத்தில் அது இன்னும் அலமாரியில் இருக்கிறது.

பார்த்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு இந்த ஊரிலேயே ஓர் இடம் உண்டு. ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸின் மூளை அருங்காட்சியகம். நரம்பு நோய்க்கூறியல் நிபுணர் டாக்டர் எஸ்.கே. சங்கர் பல ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கிய சேகரிப்பு அது. வரிசையாக ஜாடிகள், ஃபார்மலினில் மூளைகள். பக்கவாதம் தாக்கியது, கட்டி வளர்ந்தது, விபத்தில் அடிபட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. அங்கே பார்ப்பதோடு முடிவதில்லை, கையில் வாங்கியும் பார்க்கலாம்.

நான் வாங்கிப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஒன்றேகால் கிலோ. உயிருள்ள மூளை வெண்ணெய் மாதிரி குழைவாக இருக்குமாம். ஃபார்மலின் அதை ரப்பர்போல இறுக்கிவிடுகிறது. அதுவரை சளசளத்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவிகள், ட்ரே வந்ததும் மௌனமானார்கள். பாரிஸ் படம் இரண்டு மணி நேரத்தில் செய்யாததை அந்தக் கனம் ஒரு நொடியில் செய்தது. இதற்குள் ஒருவருடைய தாய்மொழி இருந்திருக்கும். வீட்டுக்குப் போகும் வழி இருந்திருக்கும்.

ஜாடியில் பெயர் இல்லை. இருக்கவும் கூடாது. ஆனால் பிணப் பரிசோதனைக்குப் பிறகு இந்த மூளைகள் இங்கே வந்திருப்பது குடும்பத்தாரின் சம்மதத்தோடு. ஹெல்மெட் இல்லாமல் போனவனோ, காய்ச்சலில் போனவளோ, அழுது முடிக்காத யாரோ ஒருவர், முன்பின் தெரியாத டாக்டரிடம் "சரி, எடுத்துக்குங்க" என்று சொல்லியிருக்கிறார். உடம்புக்குள் எடுத்த எந்தப் படத்திலும் அந்த ஒரு வார்த்தை பதிவாவதில்லை. மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் கற்பது அந்த வார்த்தையின் தயவில்தான்.

உறுதிமொழிப் படிவத்தில் நாம் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. நாம் போன பிறகு வீட்டார் சம்மதிக்க வேண்டும். அதனால் என் விருப்பத்தை மனைவியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். படத்திலிருந்து எழுந்து போனவள், இதை உட்கார்ந்து கேட்டாள். இன்னும் பதில் சொல்லவில்லை.