ரங்கசாமித் தூணருகே விழுந்த டகோட்டா

கோத்தகிரியிலிருந்து கொடநாடு செல்லும் சாலை தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போய், மலை சட்டென்று முடியும் இடத்தில் விட்டுவிடுகிறது. காட்சிமுனையில் நின்று குனிந்தால் வெகு ஆழத்தில் மாயாறு; அதன் கரையில் தெங்குமரஹடா கிராமம். சுற்றுலாப் பயணிகள் விரல் நீட்டிக் காட்டுவது ரங்கசாமி சிகரத்தை. இருளர்கள் வணங்கும் சாமி குடியிருக்கும் மலை. அதன் பக்கத்தில், யாரோ நட்டு வைத்தது போல, சுமார் 400 அடி உயரத்துக்குத் தனித்து நிற்கிறது ஒரு பாறை: ரங்கசாமித் தூண்.

1950 டிசம்பர் 13 அன்று ஏர் இந்தியாவின் டகோட்டா விமானம் ஒன்று அந்தத் தூணருகே மலையில் மோதியது. ஒருவரும் பிழைக்கவில்லை.

பலியானவர்களில் ஆபிரகாம் வால்டும் அவர் மனைவியும் உண்டு. 1902இல் இன்றைய ருமேனியாவில் பிறந்த யூதர். வியன்னாவில் கணிதம் பயின்றவர். ஹிட்லருக்குத் தப்பி 1938இல் அமெரிக்கா போனவர். போர்க்காலத்தில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருக்கு வந்த வேலை விசித்திரமானது. குண்டுபட்டுத் திரும்பும் போர் விமானங்களின் எந்தப் பாகம் பலவீனமானது என்று கணக்கிட வேண்டும். ஓட்டை நிறைந்த இடங்களுக்குக் கவசம் போடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். வால்டின் கணக்கு நேர்மாறானது: ஓட்டை குறைவாக உள்ள இடத்தைக் கவனியுங்கள், அங்கே அடிபட்டவை திரும்பி வரவே இல்லை.

போர் முடிந்து, இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவுகளுக்காக வந்தவர் நீலகிரியில் முடிந்துபோனார். பின்னாளில் பொதுச் சார்பியல் அறிஞராகப் புகழ்பெற்ற அவர் மகன் ராபர்ட் வால்டுக்கு அப்போது மூன்று வயது.

உண்மையைச் சொன்னால், என்னை இங்கே இழுத்து வந்ததும் வால்டின் பெயர்தான். ஆனால் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனம் விமானி பக்கம் போனது. புள்ளியியல் புத்தகங்களில் இந்த விபத்து வால்டின் மரணம், அவ்வளவே. விமானியும் சக ஊழியர்களும் மற்றப் பயணிகளும் வெறும் எண்ணிக்கை. காரணமாகப் பதிவானது வழிகணிப்புப் பிழை. அந்நாளில் விமானி நம்பியவை திசைகாட்டி, கடிகாரம், ரேடியோ, கீழே தெரியும் நிலம். டிசம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை மேகம் இந்தக் கிழக்குச் சரிவில்தான் வந்து படியும். நிலம் தெரிய வேண்டுமே! பிழை செய்தவர் என்று எழுதப்பட்டவர் தன் தரப்பைச் சொல்லத் திரும்பி வரவில்லை. வால்ட் இருந்திருந்தால் இதைத்தான் முதலில் கவனித்திருப்பார் என்று தோன்றியது.

சிகரத்துக்கு நடக்க வனத்துறை அனுமதி வேண்டும். புலியும் யானையும் உலவும் காடு. "அதுக்கு மேல விடமாட்டாங்க சார், மழை வேற வருது" என்றார் டீக்கடைக்காரர். தேயிலைச் சரிவு முடிந்து சோலைக்காடு தொடங்கும் இடம் வரை நடந்தேன். கொண்டுபோயிருந்த சாமந்திப் பூக்களை அங்கே ஒரு பாறைமேல் விமானிக்கென்று வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, கீழிருந்து ஏறிய மஞ்சு தூணை மறைத்திருந்தது. பத்து நிமிடத்தில் சிகரமும் காணோம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க இறங்கினேன்.