தரங்கம்பாடிக்குப் போய்வந்தோம்



மதரஸாவில் இஸ்லாமிய வரலாறு நடத்தும்போது ஐரோப்பாவின் இரண்டு நகரங்கள் தவறாமல் வந்துவிடும். ஒன்று குர்துபா, மற்றொன்று கர்னாதா. 8ஆம் நூற்றாண்டில் முதலாம் அப்துர் ரஹ்மான் கட்டத் தொடங்கிய குர்துபாப் பெரிய பள்ளிவாசலையும், 1492இல் கர்னாதா கைவிட்டுப் போனதையும் சொல்லாமல் அந்தப் பாடம் நிறைவு பெறாது. மாலை வகுப்பை நம் வீட்டுத் திண்ணையிலேயே நடத்திவந்த காலத்தில், உள்ளே வேலை செய்தபடி நம் வீட்டாரும் இவற்றைக் கேட்டுக்கொண்டிருப்பார். திருமணமான புதிதில் ஒருநாள் அவர் கேட்டார்: "இவ்வளவு சொல்கிறீர்களே, அப்படி ஒரு பழைய ஊரை நாமும் ஒருமுறை போய்ப் பார்க்கலாமா?"

"இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம்" என்றோம்.

ஓதிக்கொடுப்பவரின் ஊதியத்துக்கு ஸ்பெயின் எட்டுமா? பிள்ளைகள் பிறந்தார்கள்; படிப்பு, மருத்துவம், உறவினர் வீட்டு விசேஷங்கள் என்று செலவுகள் வந்துகொண்டே இருந்தன. அவர் எப்போதாவது நினைவூட்டுவார். நாமும் அதே விடையைச் சொல்வோம். இப்படியே பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன.

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. எங்கள் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை ஒன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காலையில் சோற்றுப் பாத்திரத்துடன் வேலைக்குச் சென்று மாலையில் திரும்ப வேண்டியவர்கள் அவர்கள். துக்கம் விசாரிக்கச் சென்ற நம் வீட்டார், திரும்பி வந்து வெகுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். அதன்பின் அவர் அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதைப் பொறுமை என்றே நாம் எண்ணிக்கொண்டோம்.

சென்ற ரமளானுக்குச் சில வாரங்களுக்கு முன், சூரத்துல் கஹ்ஃபின் விளக்கத்தை நடத்திக்கொண்டிருந்தோம். நாளை ஒன்றைச் செய்வேன் என்று கூறும்போது, அல்லாஹ் நாடினால் என்பதைச் சேர்க்காமல் கூறவேண்டாம் என்று இறைவன் கற்றுத்தரும் இடம் அது. மாணவன் ஒருவன் எழுந்தான். "ஹஜ்ரத், செய்யப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே இன்ஷா அல்லாஹ் என்று சொல்லலாமா?"

"கூடாது. செய்வதற்கு உறுதிகொண்டவன், தன் உறுதி மட்டும் போதாது என்று உணர்ந்து சொல்லும் சொல் அது. மறுப்பை மறைப்பதற்கு அல்லாஹ்வின் பெயரைத் திரையாக்கக் கூடாது" என்று விடை சொன்னோம். சரியான விடைதான். ஆனால் அன்றிரவு நம் வீட்டாரின் முகத்தைப் பார்ப்பது எளிதாக இல்லை. பத்தொன்பது ஆண்டுகளாக நாம் சொன்ன இன்ஷா அல்லாஹ் எந்த வகையைச் சேர்ந்தது என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஸ்பெயின் இன்றும் நமக்கு எட்டாது. ஆனால் ஐரோப்பியர் மதில் எழுப்பித் தெரு வகுத்துக் கட்டிய பழைய ஊர் ஒன்று நம் கடற்கரையிலேயே இருக்கிறதல்லவா? ஷவ்வால் விடுமுறையில், பிள்ளைகளை அவர்களுடைய பாட்டி வீட்டில் விட்டுவிட்டு, விருதுநகரில் ரயிலேறினோம். மயிலாடுதுறையில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் தரங்கம்பாடி சென்றோம். நாங்கள் இருவர் மட்டும் சேர்ந்து, மருத்துவமனைக்கோ மரண வீட்டுக்கோ அன்றி, ஓர் ஊரைப் பார்ப்பதற்காகவே புறப்பட்டது அதுவே முதல்முறை.

1792இல் கட்டப்பட்ட நுழைவாயிலில் டேனிஷ் அரசின் சின்னம் இன்றும் இருக்கிறது. அதைக் கடந்தால் நேரே கடலை நோக்கிச் செல்லும் ராஜ வீதி. 1701இல் எழுந்த சீயோன் தேவாலயம், 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம், உயர்ந்த தூண்களுடைய பழைய மாளிகைகள் என்று இருபுறமும் பார்த்தபடி நடந்தோம். நமக்கோ வாய் ஓயவில்லை. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்குப் பொன் ஓலையில் கடிதம் எழுதியது, அது இன்றும் கோபன்ஹேகனில் பாதுகாக்கப்படுவது என்று சொல்லிக்கொண்டே வந்தோம். வீட்டார் மெல்ல நின்றார். "இருபது வருடமாக உங்களிடம் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்? இன்று கொஞ்சம் பார்க்க விடுங்களேன்" என்றார். அதன்பின் நாம் வாய் திறக்கவில்லை.

டேன்ஸ்போர்க் கோட்டையில் அவர் வெகுநேரம் நின்ற இடம் நாம் எதிர்பாராதது. மேல்தளத்து அறைகளைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினோம். சரக்கறைகள், சிறைக்கூடம் ஆகியவற்றோடு வெடிமருந்து வைத்த அறையும் அங்கே இருந்தது. அது இன்னதென்று தெரிந்ததும் அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "இதன் மேலேயா குடியிருந்தார்கள்?" என்று கேட்டார். "ஆம், ஆளுநர், பாதிரியார் எல்லோரும் மேலேதான்" என்றோம். "நம் ஊர்க்காரர்களைப் போலத்தான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அச்சங்குளத்துத் துக்க வீடுகளிலிருந்து அவர் மௌனமாகத் திரும்பி வந்த அந்த நாள் நம் நினைவுக்கு வந்தது.

பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் முடிவைப் பார்க்குமாறு குர்ஆன் பல இடங்களில் பணிக்கிறது. அந்தப் பணிப்பின் பொருளைத் தரங்கம்பாடியில் கண்ணால் காணலாம். மிளகு வாணிபத்துக்காக வந்து, கோட்டை கட்டி, 225 ஆண்டுகள் கொடி பறக்கவிட்டவர்கள், 1845இல் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அருகில், பாண்டிய மன்னன் காலத்தில் 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. 2004 டிசம்பர் 26 காலையில் அதே கடல் இந்த ஊரின் மீனவக் குடும்பங்களில் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோனது. மன்னருக்கும் மீனவருக்கும் நாளை என்பது கையில் இல்லை. இதைப் பலமுறை பாடமாகச் சொல்லியிருக்கிறோம். ஆனால் அந்த நாளையை நம்பித்தான் நம் வீட்டாரின் சிறிய ஆசை ஒன்றை ஒத்திப்போட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த ஊரில் இன்னொரு பாடமும் கிடைத்தது. 1706இல் வந்திறங்கிய சீகன்பால்க் என்ற ஜெர்மானியப் பாதிரியாருக்கு அப்போது வயது ஏறக்குறைய 24. தமிழ் தெரியாத அவர், திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். அவருடைய கொள்கை வேறு, நம் கொள்கை வேறு. ஆனாலும் கற்பிக்க வந்தவர் முதலில் கற்க அமர்ந்தார் என்பதை, கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நாம் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. வீட்டில் நாம் எப்போதாவது கற்க அமர்ந்திருக்கிறோமா?

அஸர் நேரமானது. பாட்டில் தண்ணீரில் ஒளூச் செய்து, கோட்டைக்கு அப்பால் ஆளரவமற்ற மணலில் துணியை விரித்தோம். பயணிகள் என்பதால் நான்கு ரக்அத் இரண்டாயிற்று. நாம் முன்னே நிற்க, அவர் பின்னே நின்றார். நாள்தோறும் பள்ளிவாசலில் பலருக்கு முன்னின்று தொழவைக்கும் நாம், அவர் ஒருவருக்கு மட்டும் இமாமாக நின்றது எப்போது என்று எண்ணிப் பார்த்தோம். நினைவுக்கு வரவில்லை.

தொழுது முடித்ததும், பயணம் புறப்படும்போது நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரிடையே சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவரை உடன் அழைத்துச் செல்வார்கள் என்பதையும், ஒரு பயணத்தில் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்துத் தோற்றதையும், பின்னொரு காலத்தில் வென்றபோது அது முந்தையதற்கு ஈடு என்று கூறியதையும் அவருக்கு நினைவூட்டினோம். "பந்தயம் மட்டும் வேண்டாம், முழங்கால் வலி" என்று சிரித்தார். அலைகள் காலை நனைக்க, இருட்டும்வரை நடந்தோம். தீனின் சுமையைத் தாங்கிய அந்தத் தூதருக்கு மனைவியோடு ஓட நேரம் இருந்தது. நமக்குத்தான் நேரம் இல்லாமல் போயிருந்தது.

ரயில், பேருந்து, ஓரிரவுத் தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்தும் ஒரு மாதச் சேமிப்புக்குள் முடிந்துவிட்டது. பத்தொன்பது ஆண்டுகள் தடையாக நின்றது பணம் மட்டும் அன்று என்பது அப்போது விளங்கியது. திரும்பும் ரயிலில் அவர் கேட்டார்: "அடுத்து கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியைப் பார்க்கலாமா?"

"இன்ஷா அல்லாஹ்" என்றோம். இம்முறை அத்துடன் நிறுத்தவில்லை. நாட்காட்டியை எடுத்து, முஹர்ரம் மாதத்தில் ஒரு தேதியையும் குறித்துக்கொண்டோம்.

சகோதரர்களே, உங்கள் வீட்டிலும் இப்படியொரு பழைய இன்ஷா அல்லாஹ் காத்திருக்கக்கூடும். அது ஒரு கோட்டையாக இருக்கலாம். தாய்வீட்டில் இரண்டு நாள் தங்குவதாகவும் இருக்கலாம். அவர்கள் கேட்பதை நிறுத்துவதற்கு முன் அதை நிறைவேற்றுங்கள். வல்ல அல்லாஹ் நம் சொல்லைச் செயலோடு சேர்த்து, நம் குடும்பங்களில் அன்பையும் ரஹ்மத்தையும் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.