கட்டுச்சோறும் கைப்பெட்டியும்

சிங்கப்பூரிலிருந்து வந்த என் தம்பி, எட்டாவது படிக்கும் என் பெரியவனுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுப் பெட்டியை வாங்கி வந்தான். "பஸ்ஸுல கூட விளையாடலாம்க்கா, உன்னைப் பிடுங்க மாட்டான்" என்றான். எனக்கும் சந்தோஷம்தான்.

பையன் அதில் ஃபோர்ட்நைட்டை ஏற்றிக்கொண்டான். இனாமாகக் கிடைப்பதாயிற்றே! வீட்டில் வைஃபை இருந்ததால் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

கோடை விடுமுறையில் மாமனார் ஊருக்குப் புறப்பட்டோம். உசிலம்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமம். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி நாகமலை கூடத் தாண்டவில்லை, "அம்மா, நெட் இல்லாம இது திறக்க மாட்டேங்குது" என்றான். அந்தப் பெட்டியில் சிம் கார்டு போட இடமே கிடையாது. வாயை மூட வேண்டுமே என்று என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தேன். செக்கானூரணிக்குள் நாலு தடவை அறுந்தது, நாலு தடவை அழுகை.

ஊரில் மொட்டை மாடியில்தான் சிக்னல். அப்பத்தா சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டால், "நடுவுல நிறுத்த முடியாது, மத்தவங்க ஆடிட்டிருப்பாங்க" என்பான். ஒண்ணுக்குப் போவதைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தனியாக ஆடும் ஆட்டமென்றால் பொத்தானை அமுக்கினால் பெட்டி தூங்கிவிடும். மறுநாள் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். நெட் ஆட்டம் யாருக்கும் காத்திருக்காது.

மூன்றாம் நாள் இரவு மாமாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. இன்சுலின் போட்டுக்கொள்பவர். சர்க்கரை இறங்கிவிட்டது. 108-ஐக் கூப்பிடலாமென்று போனை எடுத்தால், சாயங்காலம் முழுக்க ஹாட்ஸ்பாட் ஓடியதில் உயிரே இல்லை. பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். நல்லவேளை, மாமாவுக்கு நினைவு தப்பவில்லை, விழுங்கவும் முடிந்தது. அத்தை சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க, கால் மணியில் தெளிந்துவிட்டார். பையனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. போட்டுக் கொடுத்தவள் நான்தானே?

மறுநாள் தம்பியைப் போனில் பிடித்துக்கொண்டேன். 1989-இல் வந்த கேம்பாய், நாலு பேட்டரியில் எந்தத் தொடர்பும் இல்லாமல் ஓடியதாம். கைப்பெட்டிக்கு மவுசே அதனால்தான். இதே கம்பெனியின் 3டிஎஸ் என்ற பழைய பெட்டிக்கு 2024 ஏப்ரலில் நெட் ஆட்டச் சேவையை நிறுத்திவிட்டார்கள்; தனியாக ஆடுபவை இன்றும் ஓடுகின்றன. காசு கொடுத்து வாங்கினாலும் நெட் ஆட்டத்துக்கு ஆயுசு நம் கையில் இல்லை, பார்த்தீர்களா?

நெட் இருந்தால்தான் ஓடும் ஆட்டத்தைக் கைப்பெட்டியில் ஏற்றுவது, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய்க் குழம்புக்கு வீட்டுக்கு ஓடி வருகிற கதை. சிநேகிதர்களோடு சேர்ந்து ஆடுவது அவனுக்கு உற்சாகம்தான், மறுக்கவில்லை. அதை வீட்டில் ஆடட்டும், ஒரு மணி நேரம்.

இப்போதெல்லாம் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாளே பெட்டியை ஃபிளைட் மோடில் போட்டு, ஒவ்வொரு ஆட்டத்தையும் திறந்து பார்க்கச் சொல்கிறேன். திறக்காதது எதையும் நம்பிப் பயணம் கிடையாது.

தீபாவளிக்குப் போனபோது 51 ஆட்டங்கள் அடங்கிய ஒன்றை எடுத்து வந்தான். நெட் வேண்டாம், ஒரே பெட்டியில் இருவர் ஆடலாம். அதில் பல்லாங்குழி மாதிரி ஒன்று இருக்கிறது. அப்பத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழிகளை எண்ணினார்.

"ஏன்டா, பக்கத்துக்கு ஆறு குழிதான் இருக்கு, ஏழாவது எங்க?"