பிள்ளைகளின் கேள்வியும் பெரியோரின் நினைவும்

வரலாறு என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுபவை அரசர்களின் பெயர்ப் பட்டியலும் போர்கள் நடந்த ஆண்டுகளுமே. தேர்வுக்கு முந்தைய இரவில் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடும் பாடம் என்ற அவப்பெயர் அதற்கு உண்டு. கணக்கு பிழைப்புக்கு உதவும், ஆங்கிலம் வேலைக்கு உதவும். அசோகர் நட்ட மரங்களால் என் மகனுக்கு என்ன பயன் என்று கேட்கும் பெற்றோரையும் பங்குப் பள்ளியின் தாளாளர் என்ற முறையில் நான் சந்திப்பதுண்டு. தமிழகத்தில் மூன்றாம் வகுப்பிலேயே சமூக அறிவியல் தொடங்கிவிடுகிறது. எட்டு வயதுக் குழந்தையின் முன் கடந்த காலத்தை எவ்வாறு எடுத்து வைப்பது? இது ஆசிரியருக்கு மட்டும் உரிய கேள்வியன்று. நம்பிக்கையை அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கக் கடமைப்பட்ட நம் அனைவருக்கும் உரிய கேள்வி.

ஏனெனில், கிறிஸ்தவம் வரலாற்றில் வேரூன்றிய சமயம். திருமுழுக்கு யோவானின் பணியைச் சொல்லத் தொடங்கும் லூக்கா நற்செய்தியாளர், திபேரியு சீசருடைய ஆட்சியின் 15ஆம் ஆண்டு எனக் காலத்தைக் குறிக்கிறார்; ஆளுநர் யார், குறுநில மன்னர் யார், தலைமைக் குரு யார் என்றும் வரிசைப்படுத்துகிறார். ஞாயிறுதோறும் நாம் அறிக்கையிடும் நம்பிக்கையில் பிலாத்து என்ற உரோமை அதிகாரியின் பெயர் இடம்பெறுவது எதற்காக? அவனைப் பெருமைப்படுத்தவா? நம் மீட்பு ‘ஒரே ஒரு ஊரிலே’ என்று தொடங்கும் கதையன்று, இன்ன நாட்டில் இன்ன காலத்தில் நிகழ்ந்தது என்று சாட்சி பகரவே. கால உணர்வு ஊட்டப்படாத குழந்தைக்கு இயேசுவும் மாயக்கதை நாயகனும் ஒன்றாகவே தோன்றுவர்.

வரலாற்றைக் கற்பிக்கும் முறையையும் விவிலியமே நமக்குக் காட்டுகிறது. பாஸ்கா விழாவின் பொருள் என்ன என்று பிள்ளைகள் வினவுவார்கள் என விடுதலைப் பயண நூல் எதிர்பார்க்கிறது. யோர்தானைக் கடந்த மக்கள் ஆற்றின் நடுவிலிருந்து எடுத்த 12 கற்களைக் கில்காலில் நாட்டியதும், பின்னாளில் பிள்ளைகள் அவற்றைப் பார்த்துக் கேட்கவேண்டும் என்பதற்காகவே. முதலில் கண்ணால் காணும் ஒரு பொருள். அடுத்துக் குழந்தையின் கேள்வி. அதன் பிறகே பெரியவரின் விடை. நாமோ இம்முறையைத் தலைகீழாக்கி, எவரும் கேட்காத கேள்விகளுக்கு விடைகளை எழுதிப்போட்டு, பிள்ளைகளை ஒப்புவிக்கச் சொல்கிறோம். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இணைச்சட்ட நூலில் தந்தை மகனுக்குக் கூறவேண்டிய விடை, முன்னோரின் வெற்றியைக் கொண்டு தொடங்கவில்லை. அவர்கள் அடிமைகளாய்க் கிடந்ததைக் கொண்டே தொடங்குகிறது.

1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையார், கையால் தொட்டறிவதன் வழியே குழந்தையின் மனம் வளர்கிறது என்பதை உலகுக்கு உணர்த்தியவர். காலமும் தொட்டறியக் கூடியதே. எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவர் அதற்கு ஒரு கயிற்றைப் பயன்படுத்துகிறார். 10 ஆண்டுக்கு ஒரு சாண் என்பது கணக்கு. பிள்ளைகளின் வயது ஒரு சாணைக்கூட எட்டுவதில்லை. தாய்க்கு மூன்று சாண். பாட்டிக்கு ஆறோ ஏழோ. நாடு விடுதலை பெற்ற 1947 ஏறத்தாழ எட்டாம் சாணில் வருகிறது. “அப்படியென்றால் பாட்டியின் அம்மா அதைப் பார்த்திருப்பார்களே!” என்று ஒரு சிறுவன் வியந்தான். புனித தேவசகாயம் கொல்லப்பட்ட 1752, 27 சாண் கடந்து நிற்கிறது. புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்த 1542, 48 சாண் தள்ளி நிற்கிறது. ஆண்டவர் இயேசுவின் பிறப்புக்கோ 200 சாணுக்கு மேல் வேண்டும். கயிறு வகுப்பறையை விட்டு, தாழ்வாரத்தைக் கடந்து, கோயில் முற்றத்தில் இறங்கிவிடுகிறது. அதைப் பிடித்தபடி நடந்த பிள்ளைக்கு ‘ஈராயிரம் ஆண்டுகள்’ என்பது வெறும் சொல்லன்று. கால் நடந்த தொலைவு.

நாட்டப்பட்ட கற்கள் நம் ஊர்களிலும் உண்டு. கோயில் மணியைச் சுற்றி வார்க்கப்பட்ட ஆண்டு, கல்லறைத் தோட்டத்தில் எழுத்து மங்கிய கற்கள், மூடப்பட்டுவிட்ட பழைய கிணறு என அவை பலவாகும். எல்லாவற்றிலும் அரியது பங்கின் பதிவேடு. 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம், பங்குத்தந்தையர் திருமுழுக்கையும் திருமணத்தையும் ஏட்டில் பதிய வேண்டுமென ஆணையிட்டது. அரசர்களின் பெயர்கள் கல்வெட்டில் உள்ளன. கூலி வேலை செய்தவரின் மகள் பெயர் எங்கே உள்ளது? திருமுழுக்குப் பதிவேட்டில் உள்ளது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுங்கிச் சொன்ன 1876–78 பஞ்சத்தைப் பாடநூல் ஒரு வரியில் கூறலாம். அக்கால இறப்புப் பதிவேடு எஞ்சியுள்ள பங்கில், நெருங்கி எழுதப்பட்ட பெயர்களைக் குழந்தை தன் விரலால் எண்ணலாம்.

ஆனால், பதிவேட்டைத் திறந்தால் அங்கே எழும் கேள்விக்கும் நாம் ஆயத்தமாயிருக்க வேண்டும். பல பங்குகளின் பழைய ஏடுகளில் பெயரை அடுத்துச் சாதியும் எழுதப்பட்டிருக்கும். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அதைச் சுட்டி, “சாமி, பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அது என்ன?” என்று கேட்டாள். மனிதரை மனிதரிடமிருந்து பிரித்து வைக்கப் பயன்பட்ட சொல் என்றேன். வடக்கன்குளத்துக் கோயிலின் கதையையும் சொன்னேன். 19ஆம் நூற்றாண்டில் அக்கோயில், ஒரே பீடத்தை நோக்கிய இரு பிரிவுகளாகக் கட்டப்பட்டது. சாதிக்கொரு பக்கம், இடையே சுவர். 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. அதை மீண்டும் எழுப்பக் கோரிய வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த சிறுமி, “சுவர் வைத்தவர்களும் அதே பூசையைத்தான் பார்த்தார்களா?” என்றாள். ஆம் என்றேன். இறையியல் நூல்கள் பலவற்றைவிட அக்கேள்வி ஆழமானது.

பிஞ்சு நெஞ்சில் இதையெல்லாம் ஏன் விதைக்க வேண்டும் எனச் சிலர் வருந்துவர். அவர்களது கவலையை நான் மதிக்கிறேன். எனினும், விதை முன்னரே விழுந்துவிட்டது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். எந்தத் தெருவுக்கு விளையாடப் போகக்கூடாது, யார் வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூடாது என்பதைப் பிள்ளைகள் வகுப்பறைக்கு வருமுன்பே கற்றுக்கொள்கிறார்கள். வகுப்பறை மௌனம் காத்தால் திண்ணைப் பேச்சே பாடநூலாகும். 1883இல் வரலாற்று ஆய்வு குறித்து மடல் எழுதிய திருத்தந்தை 13ஆம் லியோ, பொய்யுரைக்கத் துணியாமையும் மெய்யுரைக்க அஞ்சாமையும் வரலாற்றாசிரியருக்குரிய முதல் நெறி எனும் முன்னோர் கருத்தை வலியுறுத்தினார். 2000 மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், திருச்சபையின் மக்கள் இழைத்த பாவங்களுக்காக உலகறிய மன்னிப்பு வேண்டினார். தாயாம் திருச்சபை அஞ்சாததற்கு நாம் ஏன் அஞ்சவேண்டும்?

குழந்தைகளிடம் கூறுவதற்கு ஓர் அளவும் முறையும் உண்டு. கொடுமைகளை விவரித்து அச்சுறுத்தலாகாது. எந்தத் தெருப் பிள்ளையும் வகுப்பில் தலைகுனியும்படி சொல்லலாகாது. தவற்றைத் தவறென்று பெயரிட்டுச் சொல்லவேண்டும். அத்துடன் நிறுத்தாமல், அதைத் திருத்த எழுந்தவர்களையும் காட்டவேண்டும். பெருமை கொள்ளத்தக்கவையும் நமக்குக் குறைவில்லை. 1578இல் கொல்லத்தில் அச்சேறிய தம்பிரான் வணக்கம் என்னும் தமிழ் நூலை ஆக்கிய அன்றிக்கே அடிகளாரைப் பிள்ளைகள் அறியட்டும். அதே மூச்சில், 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயத்தின் பெயரிலிருந்து சாதிப் பட்டம் ஏன் விலக்கப்பட்டது என்பதையும் அறியட்டும். பெருமையை மட்டும் கற்ற பிள்ளை செருக்குறும். காயத்தை மட்டும் கற்ற பிள்ளை கசப்புறும். இரண்டையும் கற்ற பிள்ளைக்கே நன்றியும் மனமாற்றமும் வாய்க்கும்.

நற்கருணையே ஒரு நினைவுக் கொண்டாட்டம். காட்டிக்கொடுக்கப்பட்ட இரவை மறைக்காமல் சொல்லி, அதன் நடுவே நன்றி செலுத்தும் நினைவு. அவ்வாறு நினைவுகூரப் பழகிய குடும்பங்களில் வரலாறு சுமையாவதில்லை. பெற்றோர்க்கு என் வேண்டுகோள் மிக எளியது. வரும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, மெழுகுதிரி ஏற்றியதும் வீடு திரும்ப விரையாதீர்கள். உங்கள் பிள்ளை ஒரு கல்லைக் காட்டி, “இது யார்?” என்று கேட்கும். அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், என்ன தொழில் செய்தார், எதற்காக அழுதார், யாருக்கு உதவினார், யாரை உதவாமல் விட்டார் என்பதை உண்மையாகச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாதவற்றை வீட்டுப் பாட்டியிடம் கேட்கப் பிள்ளையை அனுப்புங்கள். பாட்டியும் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருக்கிறார்.