ரத்தக் கழிச்சலுக்குப் புழு மருந்து கொடுக்காதீங்க

மழைக்காலம் ஆரம்பிச்சதும் கோயில்ல பார்க்கிறவங்க எல்லாரும் என்கிட்ட ஒரே கேள்விதான் கேட்கிறாங்க. "அண்ணே, குஞ்சு தூங்கி வழியுது, கழிச்சல் போகுது, என்ன மருந்து குடுக்கலாம்?" ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்குப் பதிலா இங்கே எழுதிடுறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாப் படிங்க. நான் டாக்டர் இல்ல, தேயிலை பேக்டரி சூப்பர்வைசர். லயத்துல பல வருஷமா நாட்டுக்கோழி வளர்க்கிறேன். அனுபவத்தையும், கால்நடை அலுவலகத்துல கேட்டுத் தெரிஞ்சதையும் சொல்றேன்.

முதல்ல ஒண்ணு. கோழி வயித்துல இருக்கிறதெல்லாம் "புழு" இல்ல. நம்ம கோழிகளைப் பிடிக்கிற குடல் ஒட்டுண்ணி முக்கியமா ரெண்டு வகை. ஒண்ணு கண்ணுக்குத் தெரியும் புழு. இன்னொண்ணு மைக்ராஸ்கோப்புல மட்டும் தெரியும் காக்சிடியா என்ற நுண்ணுயிர். ரெண்டுக்கும் மருந்து வேற வேற. இதுல மாறிப்போனாத்தான் குஞ்சு சாகுது.

எங்க லயத்துல கொழுந்து பறிச்சு ரிட்டையர் ஆன ஒரு அக்கா இருக்காங்க. முட்டை வித்த காசுலதான் அவங்க கிளினிக் செலவு ஓடுது. போன வருஷம் 18 குஞ்சு பொரிஞ்சது. அதுல ஒரு சேவல் குஞ்சை முனியாண்டி சாமி பூசைக்குன்னு நேர்ந்து விட்டிருந்தாங்க. நாலாவது வாரம் குஞ்சுங்க இறக்கையைத் தொங்கப் போட்டு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நின்னுச்சு. ரெண்டே நாள்ல 5 செத்துப்போச்சு. ஒருத்தர் கண்ணு பட்டுருச்சுன்னார். இன்னொருத்தர் நேர்த்திக்கடன்ல குறை வச்சிருப்பீங்கன்னு சொல்லி அவங்களை அழ வச்சுட்டார். மகன் கடையில புழு மருந்து வாங்கிக் கொடுத்தான். மறுநாள் இன்னும் 2 செத்துச்சு.

நான் போய்க் கீழே பார்த்தேன். எச்சத்துல ரத்தம். மகனை அழைச்சு, புது எச்சத்தை ஒரு சின்ன டப்பாவுல எடுத்து, கால்நடை அலுவலகத்துக்கு அனுப்பி வச்சேன். காக்சிடியான்னு சொன்னாங்க. ஆம்ப்ரோலியம்னு ஒரு மருந்தைத் தண்ணியில கலக்கிக் கொடுக்கச் சொன்னாங்க. மிச்சம் 11 குஞ்சும் பொழைச்சுக்கிச்சு. சாமி குத்தமும் இல்ல, கண்ணேறும் இல்ல.

எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது?

காக்சிடியா பெரும்பாலும் 3 முதல் 6 வாரக் குஞ்சைத்தான் தாக்கும். எச்சத்துல ரத்தம் அல்லது சளி, இறகு சிலிர்ப்பு, கொண்டை வெளுப்பு, தீனி எடுக்காம நிக்கிறது. சாவு சீக்கிரம் வரும்.

புழு மெதுவா தின்னும். வளர்ந்த கோழி நல்லாத் தின்னும், ஆனா உடம்பு ஏறாது. தூக்கிப் பார்த்தா நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில குத்தும். முட்டை குறையும். எச்சத்துல நூல் மாதிரி வெள்ளைப் புழு கிடந்தா உருண்டைப் புழு. அரிசி மாதிரி துண்டு கிடந்தா நாடாப் புழு.

ஒரு எச்சரிக்கை. எல்லா வயசுக் கோழியும் திடீர்னு சாகுது, பச்சை அல்லது வெள்ளைக் கழிச்சல், கழுத்து திருகுதுன்னா அது ஒட்டுண்ணி இல்ல, வெள்ளைக் கழிச்சல் என்ற ராணிக்கெட் வைரஸ் நோயா இருக்கலாம். உடனே அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்க. அந்தக் கோழியை விக்காதீங்க, பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீங்க.

இன்னொண்ணு, சாக்லேட் கலர்ல பிசுபிசுன்னு எச்சம் வந்தா பயப்படாதீங்க. கோழிக்கு ஒரு நாள்ல சில தடவை அப்படிப் போறது சகஜம்.

இப்ப மருந்து. ஆம்ப்ரோலியம் பார்க்க வைட்டமின் பி1 மாதிரியே இருக்கும். அந்தக் கிருமி ஏமாந்து அதை எடுத்துக்கிட்டு, உண்மையான பி1 கிடைக்காமச் சாகும். அதனால மருந்து கொடுக்கும் நாள்ல வைட்டமின் பி கலக்காதீங்க, முடிஞ்ச பிறகு கொடுங்க. 20 சதவீதப் பொடின்னா நோய் கடுமையா இருக்கும்போது லிட்டருக்கு சுமார் 1.2 கிராம், 3 முதல் 5 நாள். பிறகு 0.3 கிராமா குறைச்சு 1 அல்லது 2 வாரம். பாக்கெட்டுல எழுதியிருக்கிற அளவும், அலுவலகத்துல சொல்றதும்தான் கடைசி வார்த்தை. அந்த நாள்ல வேற தண்ணி வைக்கக் கூடாது, தினமும் புதுசாக் கலக்கணும்.

உருண்டைப் புழுவுக்கு பைபரசின், லெவாமிசோல், ஃபென்பெண்டசோல் இருக்கு. பைபரசின் வளர்ந்த புழுவை மட்டும்தான் வெளியேத்தும், அதனால திரும்ப ஒரு தடவை கொடுக்கணும். நாடாப் புழுவுக்கு அது கேட்காது. எந்த மருந்தா இருந்தாலும் முட்டையும் கறியும் எத்தனை நாள் கழிச்சுச் சாப்பிடலாம்னு கேட்டுட்டு வாங்குங்க.

மஞ்சள், வேப்பிலை அரைச்சுக் குடுக்கிறதை நான் குறை சொல்லல. ஆனா ரத்தம் போற குஞ்சுக்குக் காத்திருக்க நாள் கிடையாது.

இனி முக்கியமான விஷயம். நம்ம கேமரன் மலையில ஏன் இது திரும்பத் திரும்ப வருது? குளிருக்காகக் குஞ்சைப் பெட்டியில விட்டு, பல்பு போட்டு, சாக்கால மூடுறோம். தண்ணிக் கிண்ணம் கவிழும். உள்ளே சூடும் ஈரமும் சேரும். எச்சத்துல வர்ற காக்சிடியா முட்டைக்கு இதுதான் வேணும், ஒண்ணு ரெண்டு நாள்லயே அது தொத்துற பதத்துக்கு வந்துடும். குஞ்சு அதைக் கொத்தித் தின்னும், வயித்துல ஆயிரக்கணக்கில் பெருகும், மறுபடி கீழே விழும். கடையில விக்கிற குளோரின் அதைக் கொல்லாது.

பேக்டரியில நாங்க பச்சைக் கொழுந்தை வாட்டி, உருட்டி, கடைசியில சுமார் 3 சதவீத ஈரத்துக்குக் காய வைக்கிறோம். ஈரம் நின்னா தூள் கெட்டுப்போகும். கோழிக்கூடும் அப்படித்தான். தரையில காய்ஞ்ச மரத்தூள் போடுங்க, நனைஞ்சதை அன்னைக்கே அள்ளுங்க. தண்ணிக் கிண்ணத்தைக் கல்லு மேல உயர்த்தி வைங்க. சாக்கு மூடினாலும் மேல காத்து போக இடம் விடுங்க. பெரிய கோழி நல்லா இருந்தாலும் அதோட எச்சத்துல கிருமி இருக்கும், அதனால குஞ்சைத் தனித் தரையில வளருங்க. புழு முட்டை மண்ணுல 2, 3 வாரத்துல தொத்துற பதம் வரும், நாள் கணக்கில்லாம உயிரோட கிடக்கும். ஒரே இடத்துல கட்டிப் போடாம மாத்தி விடுங்க. நத்தை, வண்டு மொய்க்கிற இடத்தைச் சுத்தம் பண்ணுங்க, நாடாப் புழு அது வழியாத்தான் வரும். செத்த குஞ்சை ஓடையில வீசாதீங்க, ஆழமாப் புதைங்க.

மருந்துக்கு 20, 30 வெள்ளி செலவு பண்ணிட்டு ஈரத் தரையிலயே திரும்ப விட்டா அடுத்த மாசமும் அதே செலவுதான். நாளைக்குக் காலையில பசியாறுறதுக்கு முன்னாடி கூட்டுத் தரையைக் கையால தொட்டுப் பாருங்க. கை நனைஞ்சா மரத்தூளை மாத்துங்க. கோழி வளர்க்கிற சொந்தக்காரங்க இருந்தா அவங்களுக்கும் அனுப்புங்க.